உயர வரம்பு: கேளிக்கைப் பூங்காவின் அளவுகோல்

கேளிக்கைப் பூங்காவில் ஒரு சவாரியில் ஏற ஒருவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் உயர வரம்பு எனப்படுகிறது. சில சவாரிகளுக்கு அதிகபட்ச உயரமும் உண்டு. வரிசை தொடங்கும் வாயிலில் ஒரு பலகையோ பொம்மையோ கையை நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளையின் உச்சந்தலை அதைத் தொட்டால் உள்ளே போகலாம், தொடாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். 'அடுத்த மாதம் ஏழு வயசு முடியுது' என்பதும், 'நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடிச்சுக்கிறேன்' என்பதும் அங்கே செல்லாது. இதை ஒரு பாதுகாப்பு விதி என்றே பெற்றோர் அறிவார்கள். பூங்கா நடத்துகிறவர்களுக்கு இது பெரிய வியாபாரக் கணக்கும் ஆகும். நான்கு பேர் கொண்ட குடும்பம் எந்தச் சவாரியில் ஒன்றாக ஏறலாம் என்பதை அந்த வீட்டின் கடைக்குட்டியின் உயரமே முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோவில் இந்த விதியின் எல்லாப் படிகளையும் ஒரே ஊரில் பார்க்கலாம். டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டருக்கு 35 அங்குலம், அதாவது 89 செ.மீ. இருந்தால் போதும். செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம் (97 செ.மீ.) வேண்டும். அனிமல் கிங்டமின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கு 44 (112 செ.மீ.), மேஜிக் கிங்டமில் 2023-இல் திறந்த டிரானுக்கு 48 (122 செ.மீ.). யுனிவர்சலின் இன்க்ரெடிபிள் ஹல்க் கோஸ்டர் 54 அங்குலம், 137 செ.மீ. கேட்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூங்காவின் கணக்கு விளங்கும். ஆண் குழந்தைகளின் நடுத்தர உயரம் மூன்று வயதில் 96 செ.மீ., நான்கில் 103, ஐந்தில் 110, ஏழில் 122, பத்தில் 138. பெண் குழந்தைகள் சிறு வயதில் இதைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவாக இருப்பார்கள். ஆக 38 அங்குலம் என்பது மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை, 48 அங்குலம் ஏழு வயதுப் பிள்ளை, 54 அங்குலம் ஏறக்குறைய பத்து வயதுப் பிள்ளை. இதே அட்டவணையில் ஆரோக்கியமான நான்கு வயதுச் சிறுவன் 95 செ.மீ.யும் இருக்கலாம், ஏறக்குறைய 112 செ.மீ.யும் இருக்கலாம். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் மைன் ட்ரெயினிலேயே ஏற முடியாமல் நிற்க, மற்றவன் எவரெஸ்ட் வாசலை எட்டிவிடுவான். சின்னவனுக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும்.

ஏன் உயரம்?

வயதுக்குச் சான்றிதழ் பார்க்க வேண்டும். எடை பார்ப்பது பலருக்குச் சங்கடம். உயரத்தை ஒரு குச்சியால் இரண்டு நொடியில் அளந்துவிடலாம். ஆனால் இந்த வசதி ஒரு காரணம்தான். இன்னொன்று இருக்கையில் இருக்கிறது.

ரோலர் கோஸ்டர் இருக்கை ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பை மனதில் வைத்து வார்க்கப்படுவது. முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிந்து கால் கீழே தொங்க வேண்டும். தொடை குட்டையாக இருந்தால் முழங்கால் இருக்கையின் மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும். மடிய இடம் தேடி உடம்பு முன்னால் சரியும், மடிக்கம்பிக்கு அடியில் வழுகும். கம்பி இடுப்பெலும்பில் அழுத்த வேண்டியது வயிற்றில் அழுத்தும். இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால் சிக்கல் இன்னும் கூடும். அந்தக் கம்பி பருமனான தொடையில் பட்டு நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே தாராளமான இடைவெளி இருக்கும். அப்பா பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை அந்த நேரத்தில் உதவாது. வண்டி மேட்டைத் தாண்டி உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் நொடியில் அப்பாவின் கையும் சேர்ந்துதான் எழும்பும்.

தோளுக்கு மேலிருந்து இறங்கும் பூட்டுகளில் கதை வேறு. குட்டைப் பிள்ளைக்குத் தோளில் அமர வேண்டிய பாகம் காதுக்கும் கழுத்துக்கும் வந்துவிடும். சிறு குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கழுத்துத் தசை வலுவற்றது. வண்டி பக்கவாட்டில் உதறும்போது அந்தத் தலையின் பாரத்தை அந்தக் கழுத்துதான் தாங்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தை எந்தப் பலகையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். உயரம் என்பது புத்திக்கும் ஒரு தோராயமான அளவு. கையை உள்ளே வை, எழுந்து நிற்காதே, கம்பியைப் பிடி என்று சொன்னால் கேட்டு, சவாரி முடியும்வரை அப்படியே இருக்கும் பக்குவம் வேண்டும். மூன்று வயதில் அதை எதிர்பார்க்க முடியாது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை உயரம் சரியாக இருந்தாலும் தனியாக ஏற முடியாது. 14 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூட இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஐரோப்பா பார்க் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: சில்வர் ஸ்டார் கோஸ்டரில் ஏற 1.40 மீட்டர் உயரமும் 11 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

வரம்பை முதலில் நிர்ணயிப்பவர் சவாரியைத் தயாரிக்கும் நிறுவனம். பூங்கா அதைக் கூட்டிக்கொள்ளலாம், தன் இஷ்டத்துக்குக் குறைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எஃப்24 குழு 1978 முதல் இதற்கான தரவிதிகளை எழுதிவருகிறது. ஐரோப்பாவில் இஎன் 13814 என்ற தரவிதி உண்டு. பொறியியல் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் கடைசியில் பலகைக்கு வரும் எண்ணில் பழக்கமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் பல பூங்காக்களில் 36, 42, 48, 54 என்று அரையடிக்கு அரையடி ஏறுகிறது. ஐரோப்பாவில் 1.20, 1.30, 1.40 மீட்டர். மனித உடம்பு முழு எண்களில் வளர்வதில்லை. பலகையை வாசிக்கவும் ஊழியருக்கு நினைவிருக்கவும் முழு எண்கள் வசதி, அவ்வளவுதான்.

சவாரியின் பெயரை வைத்தும் வரம்பை ஊகிக்க முடியாது. ஸ்பேஸ் மவுன்டன் 1975-இல் புளோரிடாவிலும் 1977-இல் கலிபோர்னியாவிலும் திறக்கப்பட்டது. முன்னதில் 44 அங்குலம், பின்னதில் 40. புளோரிடாவில் ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே உட்கார வேண்டும், கலிபோர்னியாவில் இருவர் இருவராக அமரலாம்; தடமும் வேறு. இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்கு கலிபோர்னியாவில் 46 அங்குலம், தோக்கியோவில் 117 செ.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அதே தோக்கியோ டிஸ்னி சீயில் ரேஜிங் ஸ்பிரிட்ஸ் கோஸ்டருக்கு மேல் வரம்பும் உண்டு: 195 செ.மீ.க்கு மேற்பட்டவர்கள் ஏறக் கூடாது. நெட்டைக்கும் ஒரு பலகை இருக்கிறது என்று குட்டைகள் ஆறுதல் கொள்ளலாம்.

வாசலில் நடப்பது

அளவு பெரும்பாலும் இரண்டு முறை பார்க்கப்படும். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு முறை, ஏறுமிடத்தில் மறுபடியும். சாதாரணக் காலணியோடு நின்று அளவு கொடுக்கலாம். இந்த ஒரு சலுகையிலிருந்துதான் எல்லாத் தில்லுமுல்லும் பிறக்கிறது. காலணிக்குள் கைத்துணியை மடித்து வைப்பது, தடித்த அடி கொண்ட காலணி வாங்கிப் போடுவது, கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்டுவது, நுனிக்காலில் நிற்கச் சொல்லி வீட்டிலேயே பழக்குவது எல்லாம் ஊழியர்களுக்கு அத்துப்படி. உடல் வேறொரு வேடிக்கையும் காட்டும். நாள் முழுவதும் நின்று நடந்தால் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்தி உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையும். காலையில் குச்சியைத் தொட்ட தலை மாலையில் தொடாமல் போவது பிள்ளையின் குற்றமும் இல்லை, ஊழியரின் குற்றமும் இல்லை.

ஒவ்வொரு வாயிலிலும் நடக்கும் அழுகையைக் குறைக்க பென்சில்வேனியாவின் ஹெர்ஷிபார்க் நல்ல உபாயம் ஒன்று கண்டது. சாக்லேட் முதலாளி மில்டன் ஹெர்ஷி 1906-இல் தன் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய பூங்கா அது. அங்கே உயரங்களுக்கு மிட்டாய்ப் பெயர்கள். 36 அங்குலத்துக்குக் குறைந்தவர்கள் மினியேச்சர்ஸ். அடுத்தடுத்த அரையடிக்குக் கிஸ்ஸஸ், ரீசஸ், ஹெர்ஷீஸ், ட்விஸ்லர்ஸ். 60 அங்குலத்தைத் தொட்டுவிட்டால் ஜாலி ராஞ்சர். உள்ளே நுழைந்ததும் அளந்துகொண்டால், எந்தச் சவாரியில் எந்த மிட்டாய் ஏறலாம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். 'நீ இன்னும் வளரல' என்று சொல்வதற்குப் பதில் 'நீ கிஸ்ஸஸ்' என்று சொன்னால் பிள்ளைக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை. அடுத்த கோடையில் ரீசஸ் ஆகிவிடலாம் என்ற ஆசையோடு வீட்டுக்குப் போகும். அந்த ஆசை பூங்காவுக்கு அடுத்த ஆண்டுக்கான டிக்கெட்.

டிக்கெட் விலையும் சில இடங்களில் உயரத்தைப் பார்த்துத்தான். இந்தியாவில் வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம், 85 முதல் 140 வரை சிறுவர் கட்டணம். புளோரிடா டிஸ்னியில் வயதுதான் கணக்கு: மூன்று வயதுக்குக் குறைந்தால் இலவசம், மூன்று முதல் ஒன்பது வரை சிறுவர் டிக்கெட், பத்தில் பெரியவர் ஆகிவிடுவார்கள்.

97 சென்டிமீட்டர் வியாபாரம்

லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குடைராட்டினத்தில் சுற்ற, வால்ட் டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து திறந்தது. அதன் பழைய சவாரிகளில் பல இன்றும் உயர வரம்பு இல்லாதவை. மேஜிக் கிங்டமிலும் கடற்கொள்ளையர் படகு, பேய் மாளிகை, பீட்டர் பேன், பறக்கும் டம்போ யானை எதற்கும் குச்சி இல்லை. கைக்குழந்தையோடு ஏறலாம்.

சிக்கல் பிள்ளை நடக்கத் தொடங்கிப் பள்ளிக்குப் போகும் வயதில் வருகிறது. டம்போ அலுத்துவிடும், எவரெஸ்ட் எட்டாது. 97 முதல் 122 செ.மீ. வரையிலான இந்த இடைவெளியில் பிள்ளை நாலைந்து வருடங்களைக் கழிக்கும். குடும்பங்கள் பூங்காவுக்கு அதிகம் வருவதும் அந்த வருடங்களில்தான். அமெரிக்கப் பூங்காக்கள் கடந்த இருபது ஆண்டுகளில் கட்டியவற்றைப் பார்த்தால் இந்த இடைவெளியை நிரப்பப் பட்ட பாடு தெரியும். 2009-இல் டிஸ்னி அறிவித்த மேஜிக் கிங்டமின் புதிய ஃபேன்டசிலேண்ட் பகுதியில் இளவரசிகளைச் சந்திக்கும் இடங்கள்தான் பிரதானம். திட்டம் பின்னர் மாற்றப்பட்டு, இளவரசிகளுக்குக் குறித்த இடத்தில் வெக்கோமா நிறுவனம் செய்த செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயின் 2014 மே மாதம் ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும் வண்டிகள், தலைகீழ்ச் சுற்று கிடையாது, வரம்பு 38 அங்குலம். 2018-இல் டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டூடியோசில் வந்த ஸ்லிங்கி டாக் டேஷுக்கும் அதே 38. டென்னசியின் டாலிவுட்டில் 2014-இன் ஃபயர்சேசர் எக்ஸ்பிரசும் 2023-இன் பிக் பேர் மவுன்டனும் 39 அங்குலத்தோடு நின்றன. பாட்டியும் பேரனும் ஒரே வண்டியில் ஏறி, இருவருமே அலறி, இருவருமே சிரித்தபடி இறங்கும் சவாரி என்பதுதான் இவற்றின் இலக்கணம். இதைக் கட்டுவது பெரிய கோஸ்டர் கட்டுவதைவிடக் கடினம் என்றே சொல்லலாம். வேகத்தை வைத்துப் பயமுறுத்த வழியில்லாதபோது வளைவு, இருட்டு, கதை, பொம்மைகள் என்று வேறு இடத்தில் சுவை தேட வேண்டியிருக்கிறது.

யுனிவர்சல் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே படித்தது. 1999-இல் திறந்த அதன் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சரில் டாக்டர் சூஸ் கதைகளுக்கென ஒரு மூலை இருந்தாலும், பூங்காவின் முகம் ஹல்க்கும், கால்களைத் தொங்கவிட்டுப் பறந்த இரட்டை டிராகன் கோஸ்டரும்தான். இரண்டுக்கும் 54 அங்குலம். டிராகன் கோஸ்டர் பின்னர் ஹாரி பாட்டர் பகுதியில் சேர்க்கப்பட்டபோதும், அந்தக் கதைகளைப் படித்துவிட்டு ஓடி வந்த எட்டு வயதுப் பிள்ளை அதன் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது. 2017-இல் அந்தக் கோஸ்டரை மூடி இடித்து, அதே நிலத்தில் 2019 ஜூனில் அந்தக் கதைகளில் வரும் ஹாக்ரிட் பெயரில் மோட்டார் பைக் கோஸ்டர் ஒன்றைத் திறந்தார்கள். ஏழு இடங்களில் உந்தித் தள்ளுகிறது, பின்னோக்கி ஓடுகிறது, ஓரிடத்தில் தடமே கீழே விழுகிறது. ஆனாலும் வரம்பு 48 அங்குலம். ஆறு அங்குலக் குறைப்பில் ஏறக்குறைய ஏழு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் புதிதாக உள்ளே வந்தார்கள். 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் ஸ்டார்டஸ்ட் ரேசர்சுக்கு 48 என்றால், டிராகன் பழக்கும் கதையைச் சொல்லும் ஹிக்கப்ஸ் விங் கிளைடர்சுக்கு 40. டெக்சாசின் ஃபிரிஸ்கோவில் சிறு பிள்ளைகளுக்கென்றே தனிப் பூங்கா ஒன்று கட்டப்போவதாகவும் யுனிவர்சல் 2023-இல் அறிவித்தது.

வேறு சில பூங்காக்கள் தொடக்கத்திலேயே குட்டைகளின் பக்கம் நின்றவை. நெதர்லாந்தின் எஃப்டெலிங் 1952-இல் ஓவியர் அன்டன் பீக் வடிவமைத்த தேவதைக் கதைக் காட்டோடு பிறந்தது. 2017-இல் அங்கே கட்டிய சிம்பொலிகா அரண்மனைச் சவாரிக்கும் உயர வரம்பு வைக்கவில்லை. டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-இல் தொடங்கிய லெகோலாந்து இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளையே தன் வாடிக்கையாளராகக் கொண்டது. அதன் அமெரிக்கக் கிளைகளில் உள்ள கார் ஓட்டும் பள்ளியில் ஆறு முதல் பதின்மூன்று வயது வரை ஒரு தடம், மூன்று முதல் ஐந்து வரை இன்னொரு தடம். அப்பாக்கள் வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுக்கலாம். இங்கிலாந்தின் பால்டன்ஸ் பார்க் 2011-இல் பெப்பா பிக் உலகத்தைத் திறந்து, பேச்சு சரியாக வராத குழந்தையும் பெயர் சொல்லிக் கேட்கும் இடமாகிவிட்டது.

பயத்துக்குக் குச்சி கிடையாது

உயரம் உடம்பைப் பற்றி மட்டுமே சொல்லும். வரம்பே இல்லாத பேய் மாளிகை ஐந்து வயதுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கலாம். டிஸ்னிலாந்தின் முதல் நாள் சவாரிகளில் ஒன்று ஸ்னோ ஒயிட். சூனியக்காரி அடிக்கடி எதிரே தோன்றியதால் குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். 1983-இல் புதுப்பித்தபோது, முன்கூட்டியே எச்சரிக்கும் விதமாகப் பெயரிலேயே பயம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2021-இல் அந்தச் சொல்லை நீக்கி, சூனியக்காரியின் ஆதிக்கத்தைக் குறைத்து, மகிழ்ச்சியான முடிவோடு மாற்றிக் கட்டினார்கள். மேஜிக் கிங்டமில் 1995-இல் திறந்த ஏலியன் என்கவுன்டர் இதைவிட மோசம். இருக்கையில் பூட்டி உட்காரவைத்து, விளக்கை அணைத்து, பிடரியில் ஏதோ ஒரு விலங்கு மூச்சு விடுவதுபோல் காற்றை ஊதுவார்கள். டம்போ யானை இருக்கும் பூங்காவில் அது பொருந்தவே இல்லை. 2003-இல் மூடிவிட்டு, அதே அரங்கில் ஸ்டிட்ச் என்ற கார்ட்டூன் குறும்பனைக் கொண்டுவந்தார்கள்.

உயரம் சரியாக இருந்தும் உயிர் போன நிகழ்வுகளும் உண்டு. கான்சஸ் நகரில் 2014-இல் திறந்த வெருக்ட் என்ற நீர்ச்சறுக்கு 168 அடி உயரம். ஏற 54 அங்குலம் வேண்டும். குறைந்தது 14 வயது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு வயது வரம்பைக் கைவிட்டார்கள். மூன்று பேர் அமரும் ரப்பர் படகில் மொத்த எடை 400 முதல் 550 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். 2016 ஆகஸ்டில் முன்னிருக்கையில் மெலிந்த உடல்வாகுள்ள பத்து வயதுச் சிறுவன் ஒருவன், பின்னால் இரண்டு பெரியவர்கள். இரண்டாம் மேட்டில் படகு எழும்பி, மேலே இருந்த வலைக்கம்பியில் மோதியதில் சிறுவன் இறந்தான். அவன் உயரத்தில் குறை இல்லை. வடிவமைப்பில் தலையாய பொறுப்பிலிருந்தவருக்குப் பொறியியல் பட்டமே இல்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. கான்சஸ் மாநிலம் மறு ஆண்டே சவாரிச் சட்டத்தை இறுக்கியது. சறுக்கு 2018-இல் இடிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவின் ஃப்ரீ ஃபால் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்த 14 வயதுச் சிறுவன் விஷயத்தில் மீறப்பட்டது எடை வரம்பு. போதாததற்கு அவன் அமர்ந்த இருக்கையின் உணர்கருவியை, பூட்டு முழுதாக இறங்காமலேயே பச்சை விளக்கு எரியும்படி யாரோ கையால் மாற்றியிருந்தார்கள்.

இவற்றைக் கண்காணிக்க அமெரிக்காவில் ஒரே தேசியச் சட்டம் கிடையாது. ஊர் ஊராகப் போகும் திருவிழா ராட்டினங்கள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. நிலையான பூங்காக்களோ 1981 முதல் அதன் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. புளோரிடாவில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் பூங்காக்கள் தங்கள் சொந்த ஆய்வாளர்களைக் கொண்டே சோதித்துக்கொள்கின்றன.

குட்டைப் பிள்ளை இருக்கும் வீடு

உயரம் போதாத பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு ஏறுவது? டிஸ்னி இதற்கு ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருப்பார். பிறகு அவர் முழு வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே போகலாம். யுனிவர்சலில் குடும்பம் முழுவதும் வரிசையில் சேர்ந்தே நகர்ந்து, ஏறுமிடத்துக்குப் பக்கத்திலுள்ள காத்திருப்பு அறையில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளும். டிஸ்னி 2012-இல் டம்போவை இரண்டு ராட்டினங்களாக்கி, வரிசைக்குப் பதில் கூடாரத்துக்குள் விளையாட்டிடம் அமைத்தது. பெற்றோர் கையில் ஒரு பேஜரைக் கொடுத்துவிட்டார்கள். அது அதிரும்வரை பிள்ளை அங்கே ஏறி இறங்கி ஆட முடிந்தது. பிள்ளைகளில் சிலர் டம்போவை மறந்துவிட்டு அந்தக் கூடாரத்தை விட்டு வர மறுத்ததுண்டு.

ரைடர் ஸ்விட்ச்சில் அதிக லாபம் அண்ணனுக்கோ அக்காவுக்கோதான். அப்பாவோடு ஒரு முறை, அம்மாவோடு ஒரு முறை என்று எவரெஸ்டில் இரண்டு தடவை ஏறிவிடலாம். உயரம் எட்டாத தம்பி இருப்பது அந்த ஒரு நாளில் மட்டும் அவர்களுக்குப் பிடித்திருக்கும்.